பாரலாக்ஸ்: இடமாறு தோற்றப்பிழை

வேட்டைத் துப்பாக்கியில் புதிதாக ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது: நேற்று நடுப்புள்ளியில் விழுந்த குண்டு இன்று ஒரு விரற்கடை தள்ளி விழுகிறது, யாரும் எதையும் தொடவில்லை. கை உடனே திருப்புளிக்குப் போகும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கை இறுக்குவார்கள், ரிங் உட்காரும் பேஸை மாற்றுவார்கள், கடைசியில் ஸ்கோப்பின் மேல் பழி விழும். திருகுகள் தளர்வது உண்மையிலேயே நடப்பதுதான். ஆனாலும் திருப்புளியை எடுப்பதற்கு முன் பாரலாக்ஸ் என்றால் என்னவென்று தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. பார்க்கும் இடம் மாறினால், நகராத பொருளும் இடம் மாறியதாகத் தெரிவதுதான் அது. தமிழில் இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். அதனால் நேரும் பிழை, இடமாறு தோற்றப்பிழை.

பாரலாக்ஸ் கிரேக்கச் சொல். ‘பரல்லாக்ஸிஸ்’ என்றால் மாற்றம், மாறிமாறி வருதல். ‘பரா’ பக்கத்தைக் குறிக்கும். ‘அல்லாஸ்ஸெய்ன்’ மாற்றுவதைக் குறிக்கும். அதற்கும் வேராக இருப்பது ‘மற்றது’ எனப் பொருள்படும் ‘அல்லோஸ்’. தினமும் நம் வாயில் புழங்கும் அலர்ஜியிலும், கணக்கில் வரும் பேரலல் கோட்டிலும் இதே வேர்தான். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது.

முதலில் இது வானியலாரின் சொல். நிலவை பூமியின் இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் பார்த்தால், பின்னால் இருக்கும் விண்மீன்களுக்கு நடுவே அது சற்று இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்தை அளந்தால் தொலைவு கிடைக்கும். 1838இல் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவை இதே கருத்தை வைத்துத்தான் கண்டார்; ஆனால் இரண்டு ஊர்களிலிருந்து அல்ல, சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையில் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து. அவர் அளந்த கோணம் ஒரு விகலையில் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. நம் பஞ்சாங்கக் கணிதத்திலும் இந்தக் கருத்து பழையது. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் சூரிய கிரகணத்தைக் கணிக்கும் இடத்தில் இதை ‘லம்பனம்’ என்கிறது.

‘இடமாறு தோற்றம்’ பள்ளி அறிவியல் பாடம் வழியாகப் பரவிய சொல். அளவுகோலை நேர் மேலே இருந்து பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் வரும் பிழையாக அதைப் படித்திருப்போம். என் கணிப்பில், நம் கலைச்சொற்களில் மிக நன்றாக அமைந்தவற்றுள் இதுவும் ஒன்று. பொருள் நகரவில்லை, தோற்றம்தான் நகர்கிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. ‘மாறு தோற்றம்’ வினைத்தொகை. ஆகவே நடுவில் ‘த்’ போட்டு ‘இடமாறுத் தோற்றம்’ என்று எழுதுவது தவறு. ‘தோற்றப்பிழை’யில் மட்டும் ‘ப்’ வரும்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். ஸ்கோப்பின் முன்பக்க லென்ஸ் உள்ளே ஒரு பிம்பத்தை உண்டாக்குகிறது. குறிவைக்க உதவும் குறுக்குக்கம்பி இருக்கும் தளத்திலேயே அந்தப் பிம்பமும் விழுந்தால், கண் எங்கே இருந்தாலும் கம்பி இலக்கின் அதே புள்ளியில் நிற்கும். பிம்பம் முன்னேயோ பின்னேயோ விழுந்தால், கண் அசையும்போது கம்பியும் இலக்கின் மேல் ஊர்வதாகத் தெரியும். சாதாரண வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் இதை 100 கெஜத்துக்குப் பொருத்திவிடுகிறார்கள். சிறிய ரிம்ஃபயர் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும்) துப்பாக்கிக்கானவற்றில் 50 கெஜம் வழக்கம். 40 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஸ்கோப்பை 100 மீட்டருக்குப் பொருத்தி 200 மீட்டரில் பார்த்தால், கண் ஓரத்துக்கே போனாலும் பிழை ஏறத்தாழ 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. விலங்கைக் குறிவைக்கும்போது இது பெரிய விஷயமல்ல. ஆனால் தாளில் சுட்டு, குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸீரோ செய்யும்போது இந்த 2 சென்டிமீட்டர்தான் ‘ரிங் தளர்ந்துவிட்டது’ என்று நம்பவைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. குண்டு இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளையை) உருவி எடுத்து வைத்துவிடுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் கிடத்துங்கள். கையோ கன்னமோ படாமல் ஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டு, தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். கம்பி நகர்ந்தால் காரணம் இடமாறு தோற்றம். கண் போகும் திசையிலேயே கம்பியும் போனால், இலக்கு பொருத்திய தொலைவைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால், அதைவிடத் தள்ளி இருக்கிறது. கம்பி அசையவே இல்லையென்றால் அப்போது திருப்புளியை எடுக்கலாம்.

பொருத்தும் முறைக்கும் இதில் பங்கு உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரிங் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் கன்னம் துப்பாக்கியின் கட்டையில் படியாது; தலை அந்தரத்தில் நிற்கும், ஒவ்வொரு முறையும் கண் வேறோர் இடத்தில் வந்து அமரும். ஸ்கோப்பை அளவுக்கு மீறி முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ வைத்தாலும் கழுத்தை நீட்டியும் சுருக்கியும் பார்க்க வேண்டிவரும். படத்தின் ஓரத்தில் பிறை போல நிழல் தட்டும். முன் லென்ஸ் துப்பாக்கிக் குழலில் முட்டாமலும், போல்ட்டின் கைப்பிடி தடையின்றி மேலே எழும்பியும் வருமளவுக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ரிங் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டையில் கன்னத்தை இயல்பாக வைத்து, பிறகு கண்ணைத் திறந்தால் படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நகர்த்த வேண்டியது ஸ்கோப்பை, கழுத்தை அல்ல.

சில ஸ்கோப்புகளில் இந்தப் பிழையை நீக்குவதற்கென்றே இடப்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அதை ‘ஃபோகஸ்’ என்று சொல்லும் பழக்கம் குழப்பத்தைத்தான் வளர்க்கிறது. படம் கூர்மையாகத் தெரிந்தாலே பிழை நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. முதலில் கண்பக்க வளையத்தைத் திருகி, வெறும் வானத்தைப் பார்த்துக் கம்பியைக் கூர்மையாக்க வேண்டும்; பிறகுதான் குமிழ். கம்பி ஊர்வது எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே சரியான இடம், குமிழில் பொறித்த தொலைவு எண் வேறாக இருந்தாலும். ‘தோற்றப்பிழை திருத்தி’ என்று தமிழில் சொன்னால் குமிழின் வேலை பெயரிலேயே தெரியும்.

தலையை அசைத்தும் கம்பி நகராமல், குண்டு மட்டும் இடம் மாறினால் பொருத்துதலில் தேடுங்கள். ரிங்கின் ஓரத்தில் ஸ்கோப் குழாயின் மேல் மெல்லிய பென்சில் கோடு ஒன்று இழுத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழாய் வழுக்குகிறது. கோடு அப்படியே இருந்தால் ரிங்கைக் கழற்றி பேஸின் திருகுகளைப் பாருங்கள். முன்பக்கத் திருகு சற்று நீளமாக இருந்து உள்ளே போல்ட்டின் முன்முனையில் உரசினால், பேஸ் இறுகிவிட்டதாகக் கைக்குத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. போல்ட் ஏறும்போது கனக்கிறதா என்று பார்த்தால் அதுவும் பிடிபடும்.