விளிம்பில் பற்றும் தோட்டாவும் அது விட்டுச்செல்லும் அழுக்கும்

ஒலிம்பிக்கின் 25 மீற்றர் மகளிர் கைத்துப்பாக்கிப் போட்டியின் இரண்டாம் பகுதியில், இலக்கு 3 செக்கன் மட்டுமே முகம் காட்டும்; அதற்குள் தாழ்த்திய கையை உயர்த்திக் குறிபார்த்து ஒரு தடவை சுட்டாக வேண்டும். அந்த நேரத்தில் முன்பு சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியேறாமல் சிக்கினால், வீராங்கனையின் கவனம் அங்கேயே குலைந்துவிடும். அப்படிச் சிக்க வைப்பது உள்ளே சேரும் அழுக்கு. இவ்வகைக் கருவி ஏன் இவ்வளவு விரைவில் அழுக்கடைகிறது என்பதற்கான விடை, அதன் தோட்டாவிலேயே இருக்கிறது. துப்பாக்கியோடு யாழ்ப்பாணத்தவராகிய எங்களுக்குள்ள நினைவுகள் வேறு. இங்கே நான் எழுதுவது சுடுகளத்துக்குள் மட்டும் பயன்படும் விளையாட்டுக் கருவி பற்றியது. அதையும் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி இலங்கையில் வைத்திருக்க முடியாது.

இக்கருவிகள் பயன்படுத்தும் 0.22 லோங் ரைபிள் தோட்டா 1887 இல் அமெரிக்காவில் உருவானது. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். இதிலோ, கோதின் அடியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பின் உள்மடிப்பில் அது தங்கியிருக்கிறது. ஈரமான மருந்தைக் கோதுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றும்போது, மையவிலக்கு விளைவால் அது விளிம்புக்குள் ஒதுங்குகிறது. விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் உலோக ஊசியான அடிமுனை விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். மருந்து விளிம்பெங்கும் சீராகப் பரவாத தோட்டாவில், வெறுமையான இடத்தில் அடி விழுந்தால் வெடிக்காது.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு இருப்பதால், குழல் இலக்கை நோக்கியபடியே இருக்க, குறைந்தது 30 செக்கன் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் எடுத்து விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பள்ளம் ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தால் குறை தோட்டாவினுடையது. மேலோட்டமான கீறல் போலிருந்தால், அடிமுனை ஓடும் வழியில் கரி அடைத்திருக்கலாம். அல்லது தோட்டா, குழலின் பின்முனையில் அது பொருந்தும் அறைக்குள் முழுவதும் நுழையாமல், அடியின் விசை அதை முன்தள்ளுவதிலேயே வீணாகியிருக்கலாம்.

அழுக்கு சேர்வதற்குக் காரணங்கள் பல. தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் சன்னம் பொதுவாகச் செப்பு உறையில்லாத ஈயம், 2.6 கிராம் அளவுதான் எடை. அது குழலில் ஒட்டாதிருக்க வெளிப்புறத்தில் மெழுகு பூசப்படுகிறது. வெடிமருந்தின் கரியும் ஈயத்துகளும் உருகிய மெழுகும் கலந்து, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் கருங்களியாகின்றன. இத்துடன், பாதி தானியங்கியான இக்கருவிகளில் பின்புறத்தை அடைத்து நிற்கும் உலோகத் துண்டு பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் சுருள்வில்லின் தள்ளலும் மட்டுமே அதை நிறுத்தி வைக்கின்றன. ஆகையால் குழலுக்குள் அழுத்தம் முற்றாகத் தணியுமுன்பே கோது பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. அந்த இடைவெளியால் புகையும் கரியும் பொறிமுறைக்குள் பீறிடுகின்றன. எளிமையான இந்த அமைப்புக்கு நாம் செலுத்தும் விலை இதுவே.

ஆகவே துப்புரவு செய்ய வேண்டிய முதல் இடம் குழல் அன்று. பலர் குழலைத் தேய்ப்பதிலேயே மணிக்கணக்கில் பொழுதைச் செலவிடுகிறார்கள். குழல் வாயின் விளிம்பில் தூரிகைத் தண்டு உரசி உண்டாகும் சிறு தேய்வு, கரியைவிடக் குறியை அதிகம் கெடுக்கும். இயன்றவரை அறைப் பக்கத்திலிருந்தே துணியைச் செலுத்துவது நல்லது. கருவி வெறுமையாக உள்ளதா என்று தோட்டாக்களை அடுக்கி வைக்கும் ரவைக்கூட்டை அகற்றி, அறையைக் கண்ணாலும் பார்த்து உறுதி செய்த பின், தோட்டா அறையின் உட்சுவர், கோதின் அடி அழுந்தும் முகம், கோதைப் பிடித்திழுக்கும் கொக்கி ஆகியவற்றில் கவனம் செலுத்த வேண்டும். கொக்கியின் நகத்துக்கு அடியில் கரி கெட்டித்திருந்தால் அது விளிம்பைச் சரியாகப் பற்றாது. சுட்ட கோது பாதியில் நழுவி, வரும் தோட்டாவை மறிக்கும். பற்குச்சி ஒன்றால் அதை நிமிடத்தில் அகற்றிவிடலாம். ரவைக்கூட்டின் உள்ளே எண்ணெய் வேண்டாம். உலர்ந்த துணியே போதும்.

எண்ணெயைப் பொறுத்தவரை துளியளவே நல்லது. மிகுந்தால் அது கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டாவுக்குள் ஊறினால் மருந்தையும் கெடுக்கும். தேங்காயெண்ணெய் விட்ட தையல் மெசின் சில மாதங்களில் இறுகிப்போவதுபோல, தாவர எண்ணெய் பொதுவாக நாளடைவில் பிசினாகி அசையும் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். கனிம எண்ணெயே ஏற்றது.

குடாநாட்டுக் காற்று இன்னொரு கவலை. தூய உப்பு ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியக் குளோரைட்டோ அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே கசியும். எனவே மாரியில் மட்டுமன்றி, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களிலும் உருக்கின் மேல் படிந்த உப்புத்துகள் ஈரமாகவே இருந்து துருவை வளர்க்கும். உள்ளங்கை வியர்வையிலும் உப்பு உண்டு. சுட்டு முடிந்த அன்றே வெளிப்புறத்தைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் பூச வேண்டும். ஈரத்தைத் தேக்கும் பஞ்சுறைப் பெட்டியில் நெடுநாள் மூடி வைக்கக் கூடாது.

துடைத்த துணியில் இருப்பது ஈயம். அதைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. அந்தத் துணிகளை வளவுச் சருகோடு சேர்த்துக் கொளுத்துவதும் தவறு. ஈயம் எரிந்து மறைவதில்லை, சாம்பலோடு பிள்ளைகள் விளையாடும் மண்ணில் தங்கிவிடும். இறுக மூடிய தகரத்தில் சேர்த்து வைத்து, பழைய மின்கலங்களைப்போல அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.