94 மெகாபிட் என்றால் கேபிளைப் பாருங்கள்: ஐபெர்ஃப்3 முடிவுகளைப் படிக்கும் முறை

இணையம் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்ததும், பெரும்பாலானோர் உலாவியில் ஏதேனும் ஒரு வேகச் சோதனைத் தளத்தைத் திறந்து பார்க்கிறார்கள். அது காட்டும் எண் வைஃபை, ஸ்விட்ச், ரவுட்டர், இணைய நிறுவனத்தின் இணைப்பு ஆகிய அனைத்தையும் கடந்து வந்த மொத்தக் கணக்கு என்பதால், குறை எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்துச் சொல்ல இயலாது. அலுவலகத்துக்குள் இரண்டு கணினிகளுக்கு இடையிலான பாதையை மட்டும் தனியே அளக்க, ஐபெர்ஃப்3 என்ற கட்டளைவரிக் கருவி போதும். அமெரிக்க ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட் பராமரிக்கும் இக்கருவி இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு கணினியில் சர்வராகவும் (இணைப்புக்காகக் காத்திருக்கும் பக்கம்) மற்றொன்றில் கிளையன்ட்டாகவும் (அதனுடன் இணையும் பக்கம்) இயக்கினால், 5201 என்ற போர்ட் வழியாக 10 விநாடிகள் தரவை அனுப்பி, ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு வரியாக வேகத்தை அச்சிடும். தரவு நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே செல்வதால் ஹார்ட் டிஸ்கின் வேகம் இதில் கலப்பதில்லை. எனவே, கோப்பு நகலெடுப்பது மெதுவாக இருந்தும் இச்சோதனையில் நல்ல எண் வருமானால், சந்தேகம் டிஸ்கின் மீதோ கோப்புப் பகிர்வின் மீதோதான் திரும்ப வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு எல்லாமே ஜிகாபிட் வகை, அதாவது விநாடிக்கு 1,000 மெகாபிட்; ஆனாலும் ஒரு கணினியில் மட்டும் முடிவு விநாடிக்கு 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. தரவு சிறு துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகச் செல்கிறது; அவற்றின் முகவரி முதலான தலைப்புகளுக்குப் போகும் பங்கைக் கழித்தால், நல்ல ஜிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 940 மெகாபிட் கிடைக்க வேண்டும். 94 என்பது 100 மெகாபிட் இணைப்பு தன் முழு வேகத்தில் ஓடுகிறது என்பதன் அடையாளம். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். சுவர் ஜாக்கில் ஒரு கம்பி சரியாகப் பதியாததால், இரு முனைகளும் சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு இறங்கியிருந்தன. அதற்குள் அங்கே அதிக விலையுள்ள இணையத் திட்டத்துக்கு மாறும் பேச்சு தொடங்கிவிட்டிருந்தது!

வழக்கமாகக் கிளையன்ட்தான் அனுப்பும், சர்வர் பெறும். ஆகவே, கிளையன்ட் கட்டளையில் மைனஸ் ஆர் (-R, பெரிய எழுத்து) சேர்த்து எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்க்காத சோதனையை நான் பாதிச் சோதனையாகவே கருதுகிறேன். ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் மிக மோசமாகவும் இருந்தால், டூப்ளெக்ஸ் அமைப்பு (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவதா, மாறி மாறி அனுப்புவதா என்பது) இரு முனைகளிலும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் வரும் மறு அனுப்பல் எண்ணிக்கையும் முக்கியம்: வேகம் ஓரளவு இருந்தாலும் அந்த எண் விநாடிதோறும் ஏறிக்கொண்டே போனால், வழியில் பாக்கெட்டுகள் தொலைகின்றன.

குரல், காணொளி அழைப்புகள் பெரும்பாலும், தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி என்ற முறையில் செல்வதால், அவற்றின் தரத்தை அறிய யுடிபி சோதனையே பொருந்தும். அது இழப்பு விழுக்காட்டையும், பாக்கெட்டுகள் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டரையும் காட்டும். ஆனால் வேகத்தைக் குறிப்பிடாவிட்டால் இச்சோதனை விநாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். அந்த எண்ணைக் கண்டு இணைப்பே பழுது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு.

சோதனை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட வேண்டும். தனியாக அமைத்தாலன்றி அது கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. இணையத்திலிருந்து எட்டக்கூடிய கணினியில் திறந்தே விட்டால், யார் வேண்டுமானாலும் அந்த இணைப்பைத் தரவால் நிரப்பிவிடலாம். சர்வர் கட்டளையில் மைனஸ் 1 (-1) சேர்த்து இயக்கினால், ஒரு சோதனை முடிந்தவுடன் சர்வர் தானே நின்றுவிடும்.