சாண்டோரினியின் சுவர்கள் ஏன் சுண்ணாம்பு கேட்கின்றன?

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் ஓயா என்று ஓர் ஊர். கடலை நோக்கிய செங்குத்துச் சரிவில் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருக்கும் அந்த வீடுகளைக் காலண்டர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, குடைந்து எடுத்த வீடுகள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்தபோது படிந்த சாம்பலையும் நுரைக்கல்லையும் கைக்கருவிகளால் குடைந்து, முகப்பில் ஒரு சுவரும் தலைக்கு மேல் வளைவுக் கூரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1956 ஜூலை 9 அன்று வந்த நிலநடுக்கம் ஊரைச் சிதைத்தது. பலர் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். 1970களில் கிரேக்கச் சுற்றுலா அமைப்பு அந்தப் பாழ்வீடுகளைச் சீர்செய்து விருந்தினர் இல்லங்களாக்கத் தொடங்கியது.

இப்படி ஒரு வீட்டை இன்றைய வாழ்க்கைக்கு ஏற்பப் புதுப்பிக்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, சுவருக்கு எதைப் பூசுவது என்பதைத்தான். தரை, விளக்கு எல்லாம் அப்புறம்.

காரணம், உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்புநீர்த் திவலைகள் கல்லின் நுண்துளைகளுக்குள் போய்விடுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து ஈரமும் சுவரில் ஏறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகத் தங்குகிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே ஈரப்பதம் இந்தக் கோட்டை அடிக்கடி தாண்டும். படிகம் வளரும் ஒவ்வொரு முறையும் துளையின் சுவரை நெட்டுகிறது. கல் மெல்ல மெல்ல மாவாக உதிர்கிறது. நம் ஊரில் சுவர் உப்பரிக்கிறது என்கிறோமே, அதேதான்.

படிகம் எந்த இடத்தில் வளர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவரின் வெளிமுகத்தில் ஈரம் உலர்ந்தால், உப்பு வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி வாயை அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னால், கல்லுக்குள்ளேயே படிகம் வளரும். சில வருடம் பார்க்க அழகாக இருக்கும் சிமெண்ட் பூச்சு, ஒருநாள் கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும்.

சுண்ணாம்பு இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். தண்ணீரில் நீற்றினால் கொதித்துக் குழம்பாகும். வெற்றிலையில் நாம் தடவுவதும் இதுவே. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது, நிறைய நுண்துளைகளோடு. ஈரத்தை வெளியே விடும். உப்பின் தாக்குதலைத் தானே வாங்கிக்கொள்ளும். அது உதிர்ந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். உள்ளிருக்கும் கல் தப்பிக்கும்.

வெறும் சுண்ணாம்பு இறுக வெகுகாலம் பிடிக்கும், ஈரத்தில் சரியாக இறுகாது. இங்கேதான் எரிமலைச் சாம்பல் கைகொடுக்கிறது. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் நீரோடும் வினைபுரிந்து, தண்ணீருக்கு அடியில்கூட இறுகும் காரையைத் தருகின்றன. ரோமானியர்கள் துறைமுகம் கட்டியதும் இத்தகைய காரையால்தான். சாண்டோரினியின் சாம்பல் மண் சூயஸ் கால்வாய்ப் பணிக்கும் கப்பலேறிப் போனது. மரம் அரிதான தீவில், உத்தரமே இல்லாமல் வளைவுக் கூரை போட முடிந்ததும் இந்தக் காரையால்தான்.

ஏற்கெனவே உள்ளே ஏறிவிட்ட உப்பை எடுக்கப் பற்றுப் போடுகிறார்கள். களிமண்ணையும் காகிதக் கூழையும் உப்பில்லாத நீரில் குழைத்துச் சுவரில் கனமாக அப்புவார்கள். அந்த நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். பற்று உலர உலர உப்புநீர் அதற்குள் இழுபட்டு வந்து தங்கிவிடும். பற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

புதிதாகச் சேர்க்கும் இரும்பிலும் கவனம் வேண்டும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோயில் வளாகமான அக்ரோபோலிசைச் சீரமைத்த நிக்கோலஸ் பலானோஸ் வைத்த இரும்புப் பிணைப்புகள் துருப்பிடித்துப் பளிங்கையே பிளந்தன; பிறகு வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள். பழங்காலக் கொத்தர்களோ இரும்பைச் சுற்றி ஈயம் வார்த்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

நவீன வசதிகளில் எனக்கு மிகவும் கவலை தருவது குளியலறை. குடைந்த சுவர் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். வெந்நீரின் ஆவி அதில் பட்டதும் வியர்த்துக் கொட்டும். பழைய ஓயா வீட்டு முகப்பில் கதவுக்கு மேலே ஒரு சிறிய சன்னல் இருக்கும். சூடான காற்று அதன் வழியே போக, கீழிருந்து புதிய காற்று வரும். கடலைப் பார்க்க வேண்டுமென்று முகப்பு முழுவதையும் ஒரே கண்ணாடியாக மாற்றும்போது, முதலில் காணாமல் போவது அந்தச் சன்னல்தான்.