அன்று வெள்ளகவிக்கு இறங்கவில்லை

கார்த்திகை மாதக் கடைசி வாரம். விடிகாலை நாலே முக்காலுக்கு முழிப்பு வந்துவிட்டது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் தகரக் கூரை. படுக்கப் போகும்போது அதில் அரிசி தூவுவதுபோல் விழுந்துகொண்டிருந்த தூறல் இப்போது ஜல்லி கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து அறைகளில், நான் மலை நடைக்குக் கூட்டிப்போக வேண்டிய, சென்னையிலிருந்து வந்த 14 பேர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் இதுதான்: காலை ஏழு மணிக்கு வட்டக்கானலில் கிளம்பி, டால்பின் நோஸ் பாறை முனை தாண்டி வெள்ளகவி என்ற மலைக் கிராமம். அங்கே சாப்பாடு. பிறகு பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவிவரை இறக்கம். ஒரே நாள் நடை. "இறக்கம்தானே அண்ணா" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலிருந்து 400 மீட்டருக்கு இறங்கினால் முட்டிக்கு என்ன ஆகும் என்பது மறுநாள் படுக்கையிலிருந்து எழும்போதுதான் தெரியும்.

போனை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் மாலை வானிலை ஆய்வு மையம் மஞ்சள் எச்சரிக்கைதான் கொடுத்திருந்தது. இரவுக்குள் திண்டுக்கல், தேனி இரண்டும் ஆரஞ்சுக்கு மாறியிருந்தன. ஆரஞ்சு என்றால் பொதுவாக ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர்வரை மிக கனமழை பெய்யலாம் என்று பொருள். அது மாவட்டம் முழுவதற்குமான கணக்கு. அடிவாரத்து வத்தலக்குண்டில் துணி காயும் அதே நேரத்தில் மேலே கொட்டித் தீர்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று, கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரின் கிழக்கு, தென்கிழக்குச் சரிவுகளில் முட்டி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, அங்கேயே மழையாக இறங்கும். நாங்கள் நடக்க வேண்டிய பாதை அந்தச் சரிவில்தான் இருந்தது.

எங்களோடு எப்போதும் வருகிற வெள்ளகவிப் பெரியவருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"ஐயா, எப்படி இருக்கு அங்க?"

"ஓடைச் சத்தம் மாறிருச்சு தம்பி. ராத்திரியே மாறிருச்சு. நீங்க வரவேணாம்."

எனக்கு அதுவே போதும். ஆனாலும் வனச்சரகத்தில் தெரிந்தவரிடமும் கேட்டுக்கொண்டேன். அவரும் அதையேதான் சொன்னார். 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போவது இப்போது முன்புபோல் சுலபமில்லை. நல்லதுதான். ஆனால் அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் மலையும் சம்மதித்துவிட்டது என்று நினைக்கிற ஒரு பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. சீட்டு கொடுத்த நாள் வேறு, நடக்கிற நாள் வேறு.

இந்த மாதிரிப் பாதையில் எனக்குப் பெரிய பயம் ஓடைதான். மேலே பெய்த மழை சிறு ஓடைகளில் சேர்ந்து கீழே வர நேரம் எடுக்கும். நாம் நிற்கிற இடத்தில் வெயில்கூட அடிக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம். உடனே கரையில் மேடேற வேண்டும். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேகமாக ஓடும் தண்ணீரே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். "கை கோத்துக்கிட்டுப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் கலங்கிவிட்ட பிறகு நான் யாரையும் இறங்க விடுவதில்லை. இந்தக் கரையிலேயே உட்கார்ந்து, வடிகிறவரை காத்திருப்போம்.

ஆறு மணிக்கு எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் ஆரம்பித்தது. "ரெண்டு நாள் லீவு போட்டு வந்தோம் அண்ணா." "ரெயின்கோட் இருக்கே." "வெள்ளகவி வரைக்குமாவது போயிட்டுத் திரும்பிடலாமே." கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தான யோசனை, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கும். வெள்ளகவி போய்விட்டுத் திரும்புவது என்றால், இறங்கிய செங்குத்து முழுவதையும் நனைந்த உடம்போடு மதியத்துக்கு மேல் ஏற வேண்டும். மார்கழியை ஒட்டிய நாட்களில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அடர்ந்த சோலைக் காட்டுக்குள் ஐந்து மணிக்கே இருட்டு. போதாக்குறைக்கு மஞ்சு இறங்கினால் பத்தடி தூரத்தில் காட்டுமாடு நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்படி உறுதியாகப் பேச எனக்கு ஒரு தடவை அடி பட வேண்டியிருந்தது. எட்டு வருடம் முன்னால் மன்னவனூர்ப் புல்வெளிப் பக்கம் ஒரு குழுவைக் கூட்டிப்போனேன். பெரிய மழை இல்லை, விடாத தூறலும் காற்றும்தான். பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கிளம்பினேன், அதுதான் உண்மை. மதியம் ஒரு பையன், இருபத்தி மூன்று வயது இருக்கும், பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். களைப்பு என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானைப் போட அவன் விரல் வரவில்லை. கால் பின்னியது. பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, "நான் இங்கயே கொஞ்சம் தூங்கிக்கிறேன், நீங்க போங்க" என்றான், ரொம்பச் சாதாரணமாக. போட்டிருந்தது ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர். மூன்றும் பிழிந்தால் தண்ணீர் வரும்.

பனி கொட்டுகிற ஊரில்தான் குளிரில் ஆள் சாவான் என்று நாம் நினைக்கிறோம். உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே போனாலே அது உயிருக்கு ஆபத்தான நிலை. அதற்குப் பூஜ்ஜியம் டிகிரி தேவையில்லை. ஈரமும் காற்றும் பசியும் சேர்ந்தால் பத்து டிகிரியே போதும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நனைந்த ஜீன்ஸைப் போட்டு நடப்பது அந்தத் தண்ணீரைக் காலில் சுற்றிக்கொண்டு நடப்பதுதான். முதலில் நடுக்கம் வரும். அப்புறம் உளறல், தடுமாற்றம், எதிலும் ஆர்வமில்லாத ஒரு சோம்பல். நடுக்கம் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. நடுங்கக்கூட உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம்.

அன்று அவனைக் காற்று படாத பள்ளத்துக்குக் கூட்டிப்போய், ஈரத் துணி முழுவதையும் கழற்றி, காய்ந்த துணி போட்டு, தரையின் குளிர் ஏறாமல் கீழே பைகளைப் பரப்பி உட்காரவைத்து, தார்ப்பாயால் சுற்றி இரண்டு பேர் அவனை ஒட்டி உட்கார்ந்தோம். தெளிவாக விழுங்க முடிந்ததால் தெர்மாஸில் இருந்த சர்க்கரை போட்ட சுக்குக் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கையைக் காலைத் தேய்க்க ஒருவர் வந்தார், தடுத்தேன். தேய்ப்பது நல்லதில்லை. இன்னொருவர் பையிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார். குடித்தால் தோல் சூடான மாதிரி இருக்கும், ஆனால் ரத்தம் தோலுக்கு ஓடி உள்ளே இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். அந்த பாட்டிலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பையன் பசிக்கிறது என்று சொன்னான். அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பணம் வாங்கும் அன்றே வாட்ஸ்அப்பில் மூன்று திட்டம் அனுப்பிவிடுகிறேன்: முழு நடை, குட்டை நடை, நடையே இல்லாத நாள். மூன்றாவது என்றால் எவ்வளவு திருப்பித் தருவேன் என்பதும் அதிலேயே இருக்கும். எத்தனை மணிக்குள் எந்த இடத்தைத் தொடாவிட்டால் திரும்புவோம் என்பதும் இருக்கும். காலை ஆறு மணிக்கு, ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிற ஆட்களிடம் புதிதாக இதைப் பேச ஆரம்பித்தால் நாம் தோற்றுவிடுவோம்.

அன்று ஒருவர், "அப்ப வண்டியில கீழ பெரியகுளம் போய் ஏதாவது பாக்கலாமா?" என்றார். அதற்கும் மறுத்தேன். கனமழை நாளில் காட்டுப் பாதையைவிட மலைச்சாலை ஒன்றும் பாதுகாப்பு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் உள்ளே வந்தபோது கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். இருக்கிற இடத்திலேயே இருப்பதும் ஒரு முடிவுதான்.

பத்து மணிக்கு மழை கொஞ்சம் தணிந்தது. கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினோம், சுமார் ஐந்து கிலோமீட்டர். நடக்கும்போது யாருடைய ரெயின்கோட் தையலில் ஒழுகுகிறது, யாருடைய ஷூ வழுக்குகிறது என்று பார்த்தோம். 14 ரெயின்கோட்டில் ஒன்பது ஒழுகியது. மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தவர்கள் மூன்று பேர்தான்.

இரண்டு மணிக்கு வெயில் வந்தது, பளீரென்று. "பாத்தீங்களா அண்ணா?" என்று ஒரு பெண் கேட்டார். பார்த்தேன், என்ன செய்ய? பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேர் சரியாகப் பேசாமலே பஸ் ஏறினார்கள்.

அந்தக் குழுவில் ஐந்து பேர் பிப்ரவரியில் மறுபடி வந்தார்கள். நல்ல வெயில். வெள்ளகவியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஊருக்குள் போனோம், அங்கே அதுதான் முறை. சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது ஓர் ஓடையைத் தாண்டினோம். பாதம்தான் நனைந்தது. பெரியவர் கரையில் இருந்த ஒரு புதரைக் கைத்தடியால் காட்டினார். என் தோள் உயரத்துக்குக் காய்ந்த சருகும் வேரும் ஒரு கிழிந்த சிமெண்ட் சாக்கும் அதில் சுற்றிக்கிடந்தன.

"இது எந்த மழையில வந்தது ஐயா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி, அந்த மாசம் அது நாலஞ்சு தடவை வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.