எண்ணெய் இல்லாத ‘ஆயில் ஷேல்’

‘ஆயில் ஷேல்’ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்தக் கல்லைப் பிழிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் வராது. உள்ளே இருப்பது கெரோஜன் என்னும் கெட்டியான கரிமப் பொருள். கிரேக்கத்தில் ‘கேரோஸ்’ என்றால் மெழுகு. பெயர் அதிலிருந்து வந்தது. கெரோசினுக்கும் அதே வேர்தான். (நாம் மெழுகை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு ‘மண்ணெண்ணெய்’ என்றோம்.) காற்றுப் படாமல் 500 டிகிரி வாக்கில் சூடேற்றினால்தான் கெரோஜன் உடைந்து எண்ணெய் ஆவியாக வெளிவரும்.

‘ஷேல்’ என்பது ஓடு, செதில் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. செதில் செதிலாகப் பெயரும் களிப்பாறைக்கு அது சரி. ஆனால் இந்தக் கல்லை எரித்தே பல்லாண்டுகள் மின்சாரம் எடுத்த எஸ்தோனியாவில் கிடைக்கும் குக்கர்சைட் என்ற வகையில் களியைவிடச் சுண்ணாம்புதான் மிகுதி. அவர்கள் வைத்த பெயர் ‘பொலெவ்கிவி’, அதாவது எரியும் கல். எண்ணெய்ப் பேச்சே இல்லை.

அந்நாட்டின் நார்வா நகரத்துக்குப் பக்கத்து மின்நிலையங்களைப் பார்த்தால் இந்தப் பெயரின் நியாயம் புரியும். பழைய கொதிகலன்களில் கல்லை மாவாக அரைத்து ஊதி, 1,400 டிகிரி அளவில் எரித்தார்கள். எடையில் ஏறத்தாழப் பாதி சாம்பலாகவே மிஞ்சும். அது குழாய்களில் அப்பிக் கெட்டிப்பட்டு, சூடு நீருக்குப் போகாமல் மறிக்கும். போதாக்குறைக்கு, காளவாயில் வேகிற மாதிரி சுண்ணாம்புக்கல்லும் வெந்து தன் பங்குக்குக் கரியமில வாயுவை விடும். ஆக, புகைபோக்கியில் போவது எரிபொருளின் கரி மட்டுமல்ல.

2004இல் வந்த சுழல்படுகைக் கொதிகலன்களில் கல் சாம்பலோடு சேர்ந்து காற்றில் சுழன்று, 800 டிகிரி வாக்கிலேயே எரிகிறது. சுண்ணாம்பில் ஒரு பகுதி வேகாமல் தப்புவதால் கரியமில வாயு குறைகிறது. வெந்த பகுதியோ கல் எரியும்போது கிளம்பும் கந்தக டை ஆக்சைடை அநேகமாக முழுதும் பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து சுண்ணாம்பு போட வேண்டியதில்லை. 30 சதவீதத்தை ஒட்டியிருந்த செயல்திறனும் 35 பக்கம் ஏறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எரிகல்’ கச்சிதமான சொல், ஆனால் அதை வானத்திலிருந்து விழும் கல்லுக்குக் கொடுத்துவிட்டோம். ‘எண்ணெய்க் களிப்பாறை’ ஆங்கிலப் பெயரின் இரண்டு குழப்பத்தையும் அப்படியே சுமக்கிறது. தவிர, எண்ணெய் என்பதே எள்+நெய். இங்கே எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ‘பாறை எரிவாயு’ வேறு சங்கதி. அது துளையிட்டு எடுக்கும் ஷேல் கேஸ். என் தேர்வு ‘எரிபாறை’. எரிமலைப் பாறையோ என்று சிலர் மயங்கலாம்தான். ஆனாலும் எரிபாறைக் கொதிகலன், எரிபாறைச் சாம்பல், பாறையைக் காய்ச்சி எடுத்தால் எரிபாறை எண்ணெய் என்று தடங்கலில்லாமல் வாயில் வருகிறது.