சம்பளத்தோடு வயல் வருமானமும் இருந்தால் வரி எவ்வளவு?

"12 லட்சம் வரைக்கும் வரி கிடையாது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு அது சரி. கூடவே விளைச்சல் பணமும் வந்தால் கணக்கு மாறிவிடும்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடுவது என்று பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்வார்கள். செலவு போக விவசாய வருமானம் 5,000 ரூபாயையும், மற்ற வருமானம் அடிப்படை வரம்பையும் (வரியே இல்லாத முதல் பகுதி, புதிய வரி முறையில் 4 லட்சம்) தாண்டினால்தான் இது பொருந்தும்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் சம்பளம் 10,75,000. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் 10 லட்சம். உழவு, உரம், ஆள் கூலி எல்லாம் போக மஞ்சளில் 4 லட்சம் நின்றது.

முதலில் இரண்டையும் கூட்டி 14 லட்சத்துக்கு வரி பாருங்கள். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மீதி 2 லட்சத்துக்கு 15. மொத்தம் 90,000. அப்புறம் மஞ்சள் பணத்தோடு அடிப்படை வரம்பான 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 8 லட்சத்துக்கு வரி பார்த்தால் 20,000. முன்னதிலிருந்து இதைக் கழித்தால் 70,000.

இனி வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி. '12 லட்சம் வரை வரி இல்லை' என்பது இதனால்தான். இதற்கான 12 லட்ச வரம்பில் விவசாய வருமானம் சேராது. அதனால் இவருக்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் அதிகபட்சம் 60,000தான். மீதி 10,000, அதன்மேல் 4 சதவீத செஸ் (வரிமேல் வரி). ஆக 10,400 ரூபாய் கட்டவேண்டும். மஞ்சள் இல்லாவிட்டால் இவர் கட்டவேண்டியது பூஜ்யம்.

நிலம் அப்பாவின் பெயரில் இருந்து வருமானமும் அவருடையது என்றால் மகனின் கணக்கில் அது வராது. வரி ஆளுக்கு ஆள்தான், குடும்பத்துக்கு மொத்தமாக இல்லை. அதற்காக இப்போது நிலத்தை மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவைத்துப் பயனில்லை. அந்த வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் பணமும் விவசாய வருமானமே. பலர் தடுமாறுவது மாட்டில்தான்: சங்கத்துக்குப் பால் ஊற்றி வரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. கோழிப்பண்ணையும் அப்படித்தான். இப்படி வரும் பணம் மனைவியின் சொந்த வருமானமாக இருந்து, வேறு எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் நின்றால், அதே தள்ளுபடியால் அவருக்கு வரி வராது.

விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் வருமான வரிக் கணக்கு காட்டும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது. இந்த ஆசிரியர் ஐடிஆர்-2 போடவேண்டும். சம்பளம் போடும் அலுவலகம் மஞ்சளைக் கணக்கில் எடுக்காது, எனவே அங்கே எதுவும் பிடித்திருக்க மாட்டார்கள். பாக்கி வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே தவணையாகக் கட்டவேண்டும். கடைசித் தவணை மார்ச் 15. விட்டுவிட்டால் மாதம் 1 சதவீத வட்டி ஓட ஆரம்பிக்கும்.