விண்வெளி வீரர்களைக் காட்டி ஆயாவைப் படுக்கவைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வீடு வீடாகச் சென்று முதியவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் பூமிக்குத் திரும்பியதிலிருந்து ஒரு வீடியோவைப் பல வீடுகளில் காட்டிவிட்டார்கள். 2025 மார்ச் 18 அன்று புளோரிடாவுக்கு அப்பால் கலம் கடலில் இறங்குகிறது, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுகிறார்கள். “அவர்களையே நடக்க விடவில்லை, அக்கா. எங்கள் ஆயாவை மட்டும் ஏன் எழுப்பச் சொல்கிறீர்கள்? புரட்டாசி முடியட்டும்” என்றாள் ஒரு பேத்தி. இடுப்பு அறுவைக்குப் பிறகு வாரக்கணக்காகக் கட்டிலிலேயே கிடந்த அந்த ஆயா, ஓர் இரவு கழிப்பறைக்குப் போகத் திடீரென்று எழுந்து, தலைசுற்றி விழுந்து மணிக்கட்டையும் உடைத்துக்கொண்டார். இனியும் பொறுமையாக இருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பயணத்தை முழுவதும் பார்த்தால் இப்படிப் பேசத் தோன்றாது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ராக்கெட் கிளம்பி ஒன்பது நிமிடங்களுக்குள் கலத்துக்கு அந்த வேகம் கிட்டத்தட்ட வந்துவிட வேண்டும். அதனால்தான் உள்ளே இருப்பவர்கள் முழங்காலை மடக்கி மல்லாந்து சாய்ந்திருக்கிறார்கள். அழுத்தம் நெஞ்சிலிருந்து முதுகை நோக்கி விழுந்தால் உடல் தாங்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இரத்தம் காலுக்கு இறங்கி மூளை வாடிவிடும்.

ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இருக்கையின் உள்வார்ப்பை ஒவ்வொருவர் முதுகுக்கும் தனித்தனியாக வார்க்கிறார்கள். நம் நாட்டின் வெல்கம் ஊரில் பிறந்த தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த் 2002 ஏப்ரலில் ஒரு சோயுஸில் ஏறிப் போய், மே மாதம் நிலையத்தில் ஏற்கெனவே நின்றிருந்த வேறொரு சோயுஸில் இறங்கினார். புதிய கலத்தை, ஆபத்து வந்தால் அங்கிருப்பவர்கள் தப்பிக்க விட்டுவருவது அன்றைய முறை. அப்போது இருக்கை வார்ப்பும் கலம் மாறும். முதுகெலும்பைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்தவர்களை ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் வணங்குகிறேன்.

நிலையத்தோடு இணைவது பெரும்பாலும் கணினியின் வேலை. சோயுஸ் சில நேரம் மூன்று மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அங்கே ஈர்ப்பு இல்லை என்பதும் தவறு. தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. கலமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டே சுற்றுவதால் மிதக்கிறார்கள், கால் எடை சுமப்பதில்லை. கெண்டைக்கால் தசை கரைகிறது. இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறையக்கூடும். அதைத் தடுக்கத்தான் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் பட்டையால் உடலை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், எடைப்பயிற்சி செய்கிறார்கள். சுனிதா அங்கிருந்த 286 நாட்களும் ஓய்வு நாட்கள் அல்ல.

இறங்கும்போது சோயுஸ் மூன்று துண்டாகப் பிரியும். ஆட்கள் உள்ள நடுப்பகுதி மட்டுமே பாராசூட்டில் கசகஸ்தான் சமவெளிக்கு வந்து சேரும். தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சிறு ராக்கெட்டுகள் கீழ்நோக்கிச் சீறி, தரையில் மோதும் அடியைக் குறைக்கும். சுனிதா வந்த டிராகன் கலம் நான்கு பாராசூட்டுகளோடு கடலில் விழுகிறது. இறங்குவதற்கு முன் உப்பும் தண்ணீரும் உட்கொண்டு, காலை இறுக்கும் உடையும் அணிந்துகொள்கிறார்கள். நின்றவுடன் இரத்த அழுத்தம் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். உள்காதின் சமநிலையும் அப்போது குழம்பியிருக்கும், கலமோ அலையில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஸ்ட்ரெச்சர். நீண்ட காலம் தங்கித் திரும்பும் எல்லோருக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை அது. நோயாளி என்பதாலோ ஓய்வு வேண்டும் என்பதாலோ அல்ல! அதற்குப் பிறகு நடப்பதை உங்கள் வீடியோ காட்டுவதில்லை. விரைவிலேயே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். நாளுக்கு இரண்டு மணி நேரமாக 45 நாட்கள் பயிற்சி தருகிறார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். விண்வெளி உடலை எப்படிக் கெடுக்கிறது என்று பூமியிலேயே ஆராய, ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆரோக்கியமான ஆட்களைத் தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்த்தி 60 நாட்கள் படுக்கவைக்கிறார்கள். எலும்பும் தசையும் அவர்களுக்கும் அதேபோல் குறைகின்றன. கட்டில்தான் அவர்களுடைய விண்வெளி. உங்கள் ஆயாவை நீங்கள் அங்கேதான் வைத்திருக்கிறீர்கள், அந்த இரண்டு மணி நேரப் பயிற்சியும் இல்லாமல்.

காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று அறுவை மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். எழுப்பும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள். சுற்றல் தொடர்ந்தால் இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். விண்வெளி வீரர்கள் உப்பு உட்கொள்கிறார்கள் என்று இதய நோயாளிக்கு உப்புத்தண்ணீர் கரைத்துக் கொடுக்கவே கூடாது. இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். தயவுசெய்து அந்த வழியிலிருக்கும் சின்ன விரிப்பை எடுத்துவிடுங்கள். அப்படியும் விழுந்துவிட்டால் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்போ தொடையோ வலிக்கிறது என்றால் அசைக்காமல் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸுக்கு 10177 என்ற எண்ணை அழையுங்கள்.